எதிரே ஆளில்லாத சாப்பாடு

சில வருடங்களுக்கு முன், நான் பிளஸ் ஒன் படித்தபோது நடந்தது இது. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக அப்பாவும் அம்மாவும் பேக்கரி நடத்துகிறார்கள். அவர்கள் கடை சாத்திவிட்டு வரும்போது நான் தூங்கியிருப்பேன். கடையிலிருந்து கொடுத்தனுப்பும் பப்ஸ், கேக், கூல்டிரிங்க்ஸ்தான் எனக்கு ராத்திரிச் சாப்பாடு. ஒரு கையில் செல்போன், மறு கையில் தீனி. வயிறு நிறைந்த பிறகும் கை நிற்காது.

உடம்பு பெருத்துக்கொண்டே போனது. யூனிஃபார்மைப் பிரித்துப் பிரித்துத் தைத்தோம். யாராவது கேட்டால், "எங்க வம்சமே இந்த வாகுதாங்க" என்று அப்பா சிரிப்பார். அவருக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முட்டிவலி. எனக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய் நின்றேவிட்டது. அம்மா பயந்துபோய் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா எடை பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "ராத்திரி யாரோட உக்காந்து சாப்பிடுவேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"யாரும் இல்லீங்க. செல்லுதான்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "உடல்வாகு பரம்பரையா வரலாங்க. ஆனா பழக்கத்தை மாத்தலாம். பாப்பா மட்டும் மாத்தினா பத்தாது, வீடே மாத்தணும்."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கடைக்குப் போனோம். இனிமேல் சாயங்காலம் கடையில் இருக்க மாட்டேன் என்றார் அம்மா.

"சாயந்தரந்தான் யாவாரமே. அப்ப நீ இல்லாட்டி எப்பிடி?" என்றார் அப்பா.

"நீங்க ஆள் போட்டுக்கோங்க. நான் பொழுதோட வூட்டுக்குப் போறேன். நம்ம புள்ள தனியா தின்னுட்டுக் கெடக்குதுங்க."

அன்றிலிருந்து அம்மா பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார். முட்டிவலியோடு என்னுடன் ஏரிக்கரையில் நடப்பார். ராகிக் களியும் கீரையும் செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவும் வந்து நின்றார். "எனக்கும் களி போடு" என்று என் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்று செல்போன் எங்கே இருந்தது என்றே எனக்கு நினைவில்லை.

அப்பாவால் ஞாயிறு மட்டும்தான் வர முடிந்தது. எடை மெல்லத்தான் குறைந்தது, மாதவிடாய் சீரானது. இப்போது சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறேன். மெஸ்ஸில் சுற்றிலும் ஆட்கள் இருந்தும், ஞாயிறு சாயங்காலமானால் மனசு அந்தத் தரையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வயதில் எனக்கு எடுத்தது என்ன பசி என்று இப்போது தெரியும். அது இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.