பரகுவேயின் சிங்கம்

‘சக ஊழியர்களை முழுமையாக நம்புபவர், திறந்த மனம் கொண்டவர்.’ டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் கொடி தைக்கும் பட்டறையொன்றின் சுவரில், சண்முகலிங்கத்தின் படத்துக்குக் கீழே டேனிஷில் இப்படி எழுதியிருக்கிறது. படத்தில் அவர் படமெடுத்தவரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தரம் பார்ப்பது அவர் வேலை. பிறந்தநாள் கேக்கிலும் கொடி குத்துகிற நாட்டில் அதற்கு ஓய்வு கிடையாது. டேனிஷ் கொடியின் சிலுவையைத் தினமும் அளவுகோல் வைத்து அளப்பார். “நேற்றுச் சரியெண்டால் இண்டைக்கும் சரியாய் இருக்குமோ?” கோப்பி இயந்திரத்தில் பால் பொத்தானை அழுத்திவிட்டு, பால்தான் வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். வீட்டுச் சாவியை மட்டும் வாசல் பூந்தொட்டிக்குக் கீழே வைத்துவிட்டு வருவார். அது எல்லோருக்கும் தெரியும்.

சென்ற மாதம் பரகுவே நாட்டுக் கொடிகள் பன்னிரண்டு அவர் மேசைக்கு வந்தன. தைத்தவர் மேரிசெலின், வேலை நிரந்தரமாவதற்கு அவருக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம், நடுவில் நட்சத்திரம். சண்முகலிங்கம் தலையாட்டினார். வழக்கம்போல் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு சிங்கம் உட்கார்ந்திருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர் கொடியில் சிங்கத்தைக் கண்டால் அதை வெறும் மிருகமாகப் பார்ப்பதில்லை.

“பிள்ளை, உது எங்கயிருந்து வந்தது?”

“ஓடர்த் தாளில அப்பிடித்தான் கிடக்கு, அண்ணை.”

“தென்னமெரிக்காவில சிங்கம் ஏது? ஆரோ இலங்கைக் கொடியைப் பாத்துப் போட்டிருக்கினம்.”

“அதுக்கு வாள் இருக்குமெல்லே. இதில கம்பும் தொப்பியும்தானே.”

“வேசம் மாத்தினால் எனக்குத் தெரியாதோ?”

தவறுப் பதிவேட்டில் மேரிசெலினின் பெயரை எழுதினார். மறுநாள் ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு வரும்படி மேரிசெலினுக்குச் சொல்லப்பட்டது; நிரந்தரமாகுமுன் பதிவேட்டில் பெயர் ஏறினால் வேலை போய்விடும். மாலைக்குள் பன்னிரண்டு சிங்கங்களையும் சண்முகலிங்கமே பிரித்தெடுத்தார்.

ஆனால் பிரித்தவரும் ஓர் ஊழியர்தானே. மறுநாள் காலை, தான் செய்ததையும் ஒருமுறை சரிபார்க்க, பரகுவே அரசின் இணையத்தளத்தைத் திறந்தார். முன்பக்கம் நட்சத்திரம், பின்பக்கம் சிங்கம். இரு பக்கமும் வேறு வேறான தேசியக்கொடி. நம்பாமல் இன்னொரு தளத்தில் பார்த்தார். அங்கும் சிங்கம் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது.

“ரெண்டு முகத்தோட ஒரு நாடு,” என்று முணுமுணுத்தார்.

ஒன்பது மணிக்கு மேரிசெலினுக்கு முன்னால் அலுவலகத்துக்குள் போனார். பதிவேட்டில் அவர் பெயரை வெட்டித் தன் பெயரை எழுதினார். பிறகு இயந்திரத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு சிங்கங்களையும் திரும்பத் தைத்து, சரிபார்க்கும்படி மேரிசெலினிடம் கொடுத்தார்.