ஆள் ஏற்றிப் பிடிக்கும் நூல்

“ஏனுங்க, சும்மாதானுங்க இருக்கறீங்க? செத்த நேரம் வந்து வண்டியில உக்காந்துட்டுப் போங்க.”

டீக்கடையில் இருப்பவர்களை இப்படித்தான் பிடித்துக்கொண்டு போவார் நஜீமுதீன் பாய். மங்கலம் ரோட்டில் பனியன் கம்பெனி வேன்களுக்கு முன்சக்கரம் நேராக ஓட அலைன்மெண்ட் பார்ப்பவர். வேன் நிறைய ஆள் உட்கார்ந்த பிறகுதான் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடிப்பார். கோனில் மிஞ்சிய பனியன் நூல்தான். டயருக்கும் நூலுக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்து, அடியில் படுத்து, சக்கரத்தின் திசையை மாற்றும் டை ராடு கம்பியைத் திருகுவார். அதுவரை நாங்கள் அசையக் கூடாது. டீ ஆறிப்போகும், வேறு டீ வாங்கித் தரமாட்டார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறார்களே என்று சீண்டினால், “கம்ப்யூட்டரு ஏறி உக்காருமுங்களா?” என்பார்.

முன்பெல்லாம் அவரும் காலி வண்டியில்தான் நூல் பிடித்தார். கம்பெனிப் பெண்களை ஏற்றிப் போகும் டிரைவர் காசிமாயன், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், ஒருநாள் வந்து நின்றார். “பாய், ஆளுக ஏறுனா எடது பக்கமா இழுக்குது.” பாய் நூல் பிடித்தார். காலி வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது. வண்டியில் ஒன்றுமில்லை, உம்முடைய கையில்தான் கோளாறு என்று கேலி பேசி அனுப்பிவிட்டார். பாரம் ஏறி முன்பக்கம் தாழ்ந்தால் சக்கரம் திரும்பிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஷிப்மெண்ட் நேரம், வாசலில் வண்டிகள் காத்துக் கிடந்தன; ஆள் ஏற்றிப் பார்க்க அவருக்குப் பொறுமையில்லை.

மறுநாள் காலை அந்த வேன் இடப்பக்கம் ஒதுங்கிப் புளியமரத்தில் மோதியது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். இடது ஜன்னலோரம் உட்கார்ந்து செக்கிங் வேலைக்குப் போன ஜஹானாரா பிழைக்கவில்லை. பாயின் ஒரே மகள்.

டிரைவர் கண் அசந்துவிட்டார் என்றார்கள். மழை ஈரம் என்றார் கம்பெனி முதலாளி. காசிமாயன் வாயே திறக்காமல் ஊருக்குப் போய்விட்டார். பாயை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

“ஆராச்சும் என்னைய வஞ்சிருந்தாத் தேவலைங்க” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.  

நேற்றும் கூப்பிட்டார். அங்கே யாரையும் உட்காரவிடமாட்டார் என்பதை மறந்து இடது ஜன்னலோரம் உட்காரப் போனேன். “அங்க வேண்டாங்க” என்று கையைப் பிடித்து நகர்த்தினார். கடைக்குள் போய் ஒரு மணல் மூட்டையைத் தோளில் தூக்கி வந்து, மூச்சு வாங்க அந்தச் சீட்டில் நிமிர்த்தி வைத்தார். பிறகு, மூட்டைக்குக் காற்று வரும்படி ஜன்னல் கண்ணாடியை ஒரு சாண் தள்ளிவிட்டார்.