மேசைமேல் வைத்த பேனாக்கத்தி

பழைய அமெரிக்கப் பேனாக்கத்திகளைத் தேடித் தேடி வாங்குவது என் கிறுக்கு. என்னிடம் இருப்பதிலேயே அழகானதைக் குளச்சலில், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கினேன். மான்கொம்புப் பிடி. யார் யார் பையிலோ கிடந்து தேய்ந்து, தேன் நிறத்துக்கு வந்திருந்தது. கையை நீட்டினேன், அவர் தரவில்லை.

“கையில தரப்பிடாது மக்கா, சண்டை வரும்” என்று மேசைமேல் வைத்தார். எங்கள் பக்கத்தில் கத்தி அப்படித்தான் கைமாறும்.

என் மனைவிக்கு இதெல்லாம் ஆக்கர் கடையில் எடைக்குப் போடும் பழைய இரும்புச் சாமான். அன்று முன்னறையில் உட்கார்ந்து அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இன்று வாங்கும் கத்தி ஆறு மாதத்தில் லொடலொடவென்று ஆடுகிறது, எவனுக்கும் வெட்கமில்லை. இதுவோ இந்த வயதிலும் ‘டக்’ என்று போய் உட்கார்ந்தது.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து அவள் வந்தாள். “இன்னொரு தடவ மூடுங்க.”

மூடினேன்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கான்” என்று கையை நீட்டினாள். நான் வழக்கப்படி மேசைமேல் வைக்கப் போனேன்.

“சும்மா கையிலயே தாங்க” என்றாள். “நமக்குள்ள இனிப் புதுசா என்ன சண்டை வரப்போவுது?”