மாடியில் நடப்பவர்

எங்கள் லாரியின் அடியில் ஒரு பெரிய இரும்புத் தகடு இருக்கும். அதைத் தரையில் அழுத்தி எஞ்சினை முடுக்கினால் ஒரு குட்டி நிலநடுக்கத்தை நாமே உண்டாக்கலாம். மண்ணும் கட்டடமும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, ஊர் ஊராக அதைக் கொண்டுபோய்த் தரையைக் குலுக்குவதுதான் என் பிழைப்பு.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில், கடலை ஒட்டிய மாடி வீட்டைச் சோதிக்கப் போயிருந்தோம். மீன் விற்கும் ஒரு அம்மா அங்கே தனியாக இருந்தார். கணவர் கடலுக்குப் போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. உப்புக்காற்று தூண்களுக்குள் இருந்த கம்பியைத் தின்றிருந்தது. மழைக்காலத்துக்குள் காலி செய்யாவிட்டால் வீடு அம்மாவின் தலையில் இறங்கிவிடும் என்று கோவளத்தில் இருக்கும் மகள் அழுதாள். அம்மா அசைவதாக இல்லை. கடல் பொங்குகிற நாட்களில் கணவர் மாடியில் நடக்கிறாராம், அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்தேன். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

சோதனைக்காக மாடிக் கதவைப் பூட்டி, எல்லோரையும் தெருவில் நிறுத்தினோம். அதிர்வை மெல்ல மெல்லக் கூட்டினேன். ஓரிடத்தில் மேலே சத்தம் கேட்டது. தடக், தடக். கனத்த ஆள் ஒருவர் சுவரோரமாக நடப்பது போலவே இருந்தது. பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

இயந்திரத்தை நிறுத்தினேன், சத்தம் நின்றது. மறுபடி போட்டேன், வந்தது. பிடிப்பு விட்ட மாடித் தளம் சுவரில் இடிக்கிறது, பெரிய அலை அடித்தாலும் இப்படித்தான் இடிக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நீ நிறுத்துனா அவுரும் நின்னுட்றாரு" என்றார் அவர். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மகள் உள்ளே ஓடிப்போய்த் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். அம்மா லாரியிடம் வந்தார்.

"இன்னொரு தபா போடு தம்பி. அவுராண்ட சொல்லிக்கினு கெளம்பிட்றேன்."

எங்கள் வேலையில் இதற்கெல்லாம் இடமில்லை. ஆனாலும் போட்டேன். அதே அதிர்வு, அதே காலடி. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"நான் பொண்ணு வூட்டுக்குப் போறேன்."

காலடி நின்றது. நான் இன்னும் இயந்திரத்தை நிறுத்தவில்லை.