மங்குஸ்தீன் மையும் என் நீலமும்

போன வருடம் தைப்பூசம் முடிந்து காவடிக் களைப்பு தீர்வதற்குள், ஈப்போவுக்குப் பக்கத்தில் கோப்பெங்கில், என் மனைவியின் அண்ணன் வீட்டில் நடந்தது இது. அவர் மகளுக்குப் பரிசம். வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குக் கீழே ஒரு தட்டு லட்டுக்குக் காவல் நின்றபடி அன்று நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மைப்பேனா பைத்தியம். ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை. பகல் முழுக்கக் கை கறுப்பாகத்தான் இருக்கும். சாயங்காலம் புந்தோங் வீட்டுக்கு வந்து, குளித்து, பேனாவைத் திறந்து இரண்டு வரி எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லக்கூடாதுதான். ஆனால் மற்றவர்கள் சொல்வதை நிறுத்திவிட்டார்களே, என்ன செய்ய?

நிறுத்தக் காரணம் என் சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர். தைப்பிங்கில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் மீன் பிடிக்கப் போயிருக்கலாம், பூச்செடி வளர்த்திருக்கலாம். இவர் மைப்பேனா வாங்கினார். அதோடு விட்டாரா? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ‘காலை வணக்கம்’ என்று கையால் எழுதிப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார்.

அந்த மையின் நிறம் இருக்கிறதே, நன்றாகப் பழுத்த மங்குஸ்தீன் பழத்தோலின் கருஊதா! எழுத்து வளைந்து மை கொஞ்சம் தேங்குகிற இடத்தில், வண்டின் முதுகு மாதிரி பச்சையாக ஒரு மினுமினுப்பு வேறு. பேனாவும் அதே அடர் நிறம். பேனாவும் மையும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி. நான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன், எங்காவது ஒரு கசிவு, ஒரு பிசிறு இருக்காதா என்று. இருக்காது. கீழே வரிசையாக இதயங்கள்தான் இருக்கும். ஒரு நாள் பார்த்தால், அதில் ஒன்று என் மனைவி போட்டது.

“அது யாருக்குப் போட்ட இதயம்?” என்று கேட்டேன்.

“மைக்குப் போட்டது லா.”

“என் மைக்கு?”

“உங்க மைதான் என் தலகாணி உறையில இருக்கே. அதுக்கு வேற இதயம் போடணுமா?”

தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். “சகலை, பேனாவக் கொஞ்சம் குடுங்க. ஒரு கையெழுத்துப் போட்டுப் பாக்குறேன்.”

அவர் சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். “காரு வேணுமா, சாவிய எடுத்துக்குங்க. பேனாவ மட்டும் கேக்காதீங்க சகலை.”

வீடே சிரித்தது. மைப்பேனா வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். நிப் ஒருவர் கைக்குப் பழகி, அந்தக் கையின் சாய்வுக்கே தேய்ந்திருக்கும். இன்னொருவர் அழுத்தினால் போச்சு. நானும் என் பேனாவை யாருக்கும் கொடுக்க மாட்டேன். நியாயமான பதில்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

இந்த நிலையில்தான் கோப்பெங்கிலிருந்து மச்சான் போன் செய்தார். எங்கள் வீட்டுப் பரிசங்களில் நிச்சயப் பத்திரிகையைக் கையால்தான் எழுதுவது. இரண்டு வீட்டார் பெயர், பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், கல்யாண நாள் எல்லாம் எழுதி, சபையில் ஒருவர் வாசித்து, பிறகு இரண்டு அப்பாக்களும் கையெழுத்துப் போடுவார்கள். நான் இந்த வீட்டு மருமகனாக வந்ததிலிருந்து எழுதுவது நான்தான். எனக்கு அங்கே இருக்கிற ஒரே பதவி அது.

“மச்சான், இந்த வாட்டி தைப்பிங்காரர எழுதச் சொல்லலாம்னு வீட்ல பேசிக்கிறாங்க. அந்த மங்குஸ்தீன் கலரு நல்லா இருக்குதாம்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆனால் வாய் அடைக்கவில்லை. “மச்சான், தைப்பிங்ல ஓயாத மழ. எழுத்தெல்லாம் ஈரமா இருக்கும்.”

“அவரு இங்க வந்துதானே எழுதப் போறாரு?”

“மனுசனே ஈரமாத்தானே மச்சான் வருவாரு!”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரி லா, நீங்களே எழுதுங்க” என்றார். பதவி தப்பியது. ஆனால் அந்த மங்குஸ்தீனைத் தோற்கடிக்கிற மாதிரி ஒரு பேனாவும் மையும் இனிமேல்தான் தேட வேண்டும்.

பேனாவுக்கும் மைக்கும் ஜாதகம் பார்ப்பது பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பார்ப்பதைவிடக் கஷ்டம். என்னிடம் இருந்த கறுப்புப் பேனாவில் பழுப்பு மை போட்டால் சோயா கிச்சாப் சிந்தின மாதிரி இருந்தது. பச்சை மை மெல்லிய நிப்பில் கோழி கிளறின மாதிரி ஓடியது. சிவப்பு பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் என் கணக்குத் தாளில் நிறையப் பார்த்த நிறம். மின்சார பில்லின் பின்பக்கம், நாள்காட்டி, ரொட்டிப் பை என்று வீட்டில் ஒரு காகிதம் விடாமல் எழுதிப் பார்த்தேன்.

கடைசியில் ஈப்போ பழைய பட்டணத்தில் ஒரு சீனர் கடைக்குப் போனேன். அங்கேதான் கிடைத்தது: நுனி தட்டையாக வெட்டிய நிப் வைத்த பேனா ஒன்றும், நீல மை ஒரு புட்டியும். ‘ழ’ எழுதிப் பார்த்தேன். மேலே மெலிந்து, கீழே தடித்து, யானை தும்பிக்கையை வீசின மாதிரி வந்து நின்றது. நீலமென்றால் சாதாரண நீலமில்லை. ராத்திரி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் நம் ஈப்போ மலைகளுக்கு மேல் தெரிகிற வானம்.

கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, எதற்கு என்று கேட்டார். நிச்சயப் பத்திரிகை எழுத என்றேன். உடனே வேறொரு புட்டியைக் காட்டினார். அழியாத கறுப்பு. பரிசத்துக்குக் கறுப்பா? மாமியார் என்னையே கறுப்பாக்கிவிடுவார். வேண்டாம் என்றேன். தவுக்கே என் நீலத்தைத் தட்டிக் காட்டி, “பாஸ், இனி பொலே சூச்சி” என்றார். துவைத்தால் போய்விடும் மையாம். ஆகா, வெள்ளை வேட்டி சட்டையில் தெறித்தாலும் கவலையில்லை என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். துவைத்தால் போகிற மை வேறு எதனாலெல்லாம் போகும் என்று கேட்கிற புத்தி எனக்கு வரவில்லை. என் புத்தி முழுக்கத் தைப்பிங்கில் இருந்தது.

பரிசத்தன்று பத்திரிகையை எழுதி முடித்தேன். சபையில் அதை வாசித்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. நல்ல மனிதர், கனத்த குரல், வாய் நிறைய வெற்றிலை. காகிதத்தை விரித்ததுமே, “எழுத்துன்னா இது எழுத்து! என்னா நீலம்யா!” என்றார். நான் உடனே சகலையைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அவர் ரசித்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் வாடியிருக்கலாம்.

மாமா வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெயர்கள் வந்தபோது பெருமையாக அந்த வரிகளின் மேலேயே இரண்டு மூன்று முறை தடவினார். வாசித்து முடித்துப் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு வெற்றிலைத் தட்டுப் பக்கம் போனார். அப்பாக்கள் கையெழுத்துப் போடுவதற்குமுன் என் எழுத்தை இன்னொரு முறை பார்த்து மகிழலாம் என்று நான் மேசைக்குப் போனேன்.

மாப்பிள்ளையைக் காணோம்.

அதாவது, பெயரைக் காணோம். அவருடைய அப்பா பெயரில் முன்பாதி இல்லை. மீதி எழுத்துகள் என் கண்ணெதிரிலேயே வெளுத்துக்கொண்டிருந்தன. மாமாவைப் பார்த்தேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அதே விரல்!

பரிசத்தன்று பத்திரிகையிலிருந்து மாப்பிள்ளை பெயர் மறைந்துபோனால் சபை என்ன சொல்லும்? பக்கத்தில் பட்டுப்புடவையில் மச்சான் மகள், தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மயங்கி விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், அது பத்திரிகை மேல் பட்டால் மிச்சமும் போய்விடும். ஈப்போ பஸ் பிடித்து ஓடிவிடலாமா? கார் சாவி மனைவி பையில் இருந்ததால்தான் பஸ். கடைசியில் என் மூளைக்கு எட்டிய மகத்தான திட்டம் இதுதான்: லட்டுத் தட்டைத் தூக்கிப் பத்திரிகை மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் விறைப்பாக நின்றேன்.

யார் கண்ணிலும் படக்கூடாது, அதிலும் ஒருவர் கண்ணில் படவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அந்த ஒருவர்தான் நேராக வந்தார்.

“என்னா சகலை, லட்டுக்குக் காவலா?”

“இல்ல, பத்திரிக காத்துல பறந்துடும்…”

“காத்துல ஒரு இல கூட ஆடலயே.” தட்டைத் தூக்கினார். பார்த்தார். நாளைக் காலை வணக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. படத்தோடு வரும். இதயங்கள் அல்ல, சிரித்துக் கண்ணீர் விடுகிற மூஞ்சிகள் வரும்.

அவர் சிரிக்கவில்லை. “சுண்ணாம்பு” என்றார் மெதுவாக. சட்டைப் பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “எழுதுங்க, சீக்கிரம். இது போகாத மை.”

“நீங்களே எழுதுங்க சகலை.”

“என் எழுத்து சாஞ்சிருக்கும். கலரு மாறுனா ஏதாச்சும் சொல்லிக்கலாம், எழுத்தே மாறுனா பொம்பளைங்க கண்டுபிடிச்சிருவாங்க.”

“என் கைக்கு உங்க நிப்பு கெட்டுப்போயிடுமே.”

“கெடட்டும் லா. புள்ள பரிசம்.”

அவர் மறைத்துக்கொண்டு நிற்க, நான் எழுதினேன். பேனா அவர் நெஞ்சுச் சூட்டோடு இருந்தது. நிப் வெண்ணெயில் போவதுபோல் போனது. அந்த நேரத்திலும் என் மனசு ஒரு மூலையில், ‘இவ்வளவு வழுவழுப்பா, அடப்பாவி!’ என்று பொருமியதை மறைக்க விரும்பவில்லை.

எழுதி முடிக்கவும் அப்பாக்களோடு மாமா வரவும் சரியாக இருந்தது. “என்னாப்பா இது, எங்க வீட்டுப் பேரு மட்டும் வேற கலர்ல இருக்கு? நான் வாசிக்கும்போது நீலமாத்தானே இருந்துச்சு?”

சகலைதான் நிதானமாகச் சொன்னார்: “வாசிச்சு ரெண்டு வீடும் சம்மதம் சொன்னப்புறம், மாப்பிள்ளை வீட்டுப் பேர தனி மையில எழுதுறது எங்க வழக்கம் மாமா. எங்க சகலைதான் எப்பவும் எழுதுவாரு. நல்ல கையி.”

இப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மாமியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நெற்றியில் ஓடிய வியர்வையைப் பார்த்தார். “ஆமாமா, எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்” என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரம சந்தோஷம். மாமா இன்னொரு முறை தொட்டுப் பார்க்க விரலை நீட்டினார். நான் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, பாசத்தோடு, கை கழுவும் இடத்துக்கே அழைத்துப் போய்விட்டேன்.

மறுநாள் அந்தப் பெண் பத்திரிகையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். நீலத்துக்கு நடுவே மங்குஸ்தீன் அவ்வளவு எடுப்பாக இருந்தது. என் எழுத்துக்கு இதய மழை. மனைவியும் ஒன்று போட்டாள். அது எந்த மைக்கு என்று நான் கேட்கவில்லை. சகலையும் ஒன்று போட்டிருந்தார். சுண்ணாம்பைப் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த இல்லாத வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அடுத்து நடந்த பரிசத்திலும் இரண்டு மை கேட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

இப்போதும் காலையில் அவர் வணக்கம் வந்து விழும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. அந்த மங்குஸ்தீன் மையில் ஒரு புட்டி நானும் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் என்னைப் பார்த்துப் பொருமுகிற ஒருவனுக்கு, அவன் கேட்காமலே, “கெடட்டும் லா” என்று மூடியைக் கழற்றி நீட்டுகிற அந்தக் கைதான் எனக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.