மாமா கடையில் இல்லாத செம்பு

இன்று காலை என் மேசையில் பேனாக்களும் பென்சில்களும் சிதறிக் கிடந்தன. அவை நிற்கும் செம்புச் சொம்பைக் காணவில்லை. வாயோரத்தில் சின்னதாக நசுங்கிய பழைய சொம்பு அது. என் தாய்மாமா கொடுத்தது. அவரிடம் இருந்த செம்புச் சாமான்களில் கடைசியாக மிஞ்சியது அது ஒன்றுதான். அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று சொல்ல வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாமா இறந்த பிறகு அந்த வெட்கம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

மாமாவுக்குத் திருவண்ணாமலை தேரடி வீதியில் பாத்திரக் கடை. பித்தளை, செம்பு, எவர்சில்வர் எல்லாம் இருந்தாலும் செம்புக்குத்தான் அங்கே தனி மரியாதை. செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு பரவியதும், ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் ஆட்டோ பிடித்து வந்து வாங்கினார்கள். "மார்னிங் வாட்டர், குட் ஸ்டொமக்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டியே மாமா வியாபாரத்தை முடித்துவிடுவார். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தன் மகளுக்கும் காலையில் முதல் வேலையாகச் சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார்.

மாமா என் அம்மாவின் தம்பி. என் அக்காவின் கணவரும் அவரே. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் உறவில் இது அதிசயமில்லை. பெற்றோரை இழந்த தம்பியைத் தன் பிள்ளையைப் போல வளர்த்தவள் அம்மா. பெண் பார்க்கும் பேச்சு வந்தபோது, "என் தம்பி இன்னொருத்தர் வீட்டுக்கு மாப்பிள்ளையா போறதா? பெரியவ இருக்கா இல்ல?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அக்காவைக் கேட்டார்களா என்று எனக்கு நினைவில்லை. நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பந்தலில் ஓடிக்கொண்டிருந்தேன். அக்காவைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியில்தான் வீட்டில் என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார்கள். நான் வேதியியல் ஆராய்ச்சிக்குப் போனதற்கு அந்தப் பந்தலும் ஒரு காரணம்.

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அவளுடைய கையெழுத்து கெட்டது. முத்து முத்தாக எழுதியவள் கோழி கிளறியதுபோல எழுதினாள். டீ கிளாஸைப் பிடித்தால் கை நடுங்கியது. பேச்சு குழறியது. பள்ளியில் செல்போனைக் குறை சொன்னார்கள். வீட்டில் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். அக்கா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வெறுங்காலோடு கிரிவலம் போனாள். கடைசியில் வேலூரில் ஒரு டாக்டர் அவள் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். சாப்பாட்டில் வரும் செம்பை அவளுடைய உடம்பால் வெளியேற்ற முடியவில்லை என்றும், அது ஈரலிலும் மூளையிலும் படிந்துகொண்டே போகிறது என்றும் சொன்னார்.

சென்னையில் எனக்குச் செய்தி வந்தபோது முதலில் வந்தது கவலை இல்லை, உற்சாகம். எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. என் ஆராய்ச்சியே செம்பைப் பிடிக்கும் ஈனிகளைப் பற்றியது. பிளஸ் டூ பாடத்தில் வருமே, உலோக அயனிக்குத் தன்னிடமுள்ள எலெக்ட்ரான் இணையைக் கொடுத்து அதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, அதுதான் ஈனி. நண்டு இரண்டு கொடுக்கால் பிடிப்பதைப் போலப் பல முனைகளில் பிடித்தால் கொடுக்கிணைப்பு. கதிர்வீச்சுள்ள செம்பை வழியில் சிந்தாமல் பிடித்துக்கொண்டு ரத்தத்தோடு போய்ப் புற்றுக்கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஈனி ஒன்றைச் செய்யத்தான் எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா மகளுக்கு எழுதிய மருந்தும் ஓர் ஈனிதான். தேங்கிய செம்பைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியே இழுத்துப் போய்விடும். வேலூர் ஆஸ்பத்திரி வார்டில் நின்று இரண்டு கையையும் நண்டுக் கொடுக்கு மாதிரி வைத்து நான் விளக்கினேன். அக்கா என் கையைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இனி செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் கூடாது, மல்லாட்டை கூடாது, ஈரல் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லி, அதை வைத்தே வயிறு வளர்க்கும் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. ஊருக்குத் திரும்பிய மாமா கடையிலிருந்த செம்பையெல்லாம் ஒரு வண்டியில் ஏற்றிப் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டார். வெள்ளைக்காரர்கள் வந்தால் "நோ காப்பர்" என்று கையை விரித்தார். கேட்டவர்களிடமெல்லாம், "என் கடை செம்பு தாங்க என் பொண்ண இப்படிப் பண்ணிடுச்சு. நானே தான் ஊத்திக் குடுத்தேன்" என்றார். பெற்ற பெண்ணுக்கு விஷம் கொடுத்தவன் என்று அவர் காதுபடவே பேசினார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சொம்புத் தண்ணீரால் வரும் நோய் இல்லை இது. பிறக்கும்போதே வருவது. அப்பா, அம்மா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரு குறை, இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோயாகும். ஒரே ரத்தத்தில் கல்யாணம் செய்தால் அப்படிச் சேர வாய்ப்பு ஜாஸ்தி. கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் போய் இதை மாமாவிடம் மெல்லச் சொன்னேன். அவருடைய பாரத்தை இறக்கி வைக்கப் போகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

மாமா முழுவதையும் கேட்டுக்கொண்டார். "தெரியும் பாப்பா, டாக்டர் தனியா கூப்ட்டு சொல்லிட்டாரு" என்றார். பிறகு ஏன் ஊரெல்லாம் செம்பு என்கிறீர்கள் என்று கேட்டேன். "செம்புனே இருக்கட்டும். செம்புனா அது என்னோட போயிடும். சொந்தத்துல கட்டினதாலனு சொன்னா எங்க அக்கா, உங்கம்மா தலையில விழும். என்னை வளத்தவங்கம்மா அவங்க. தாங்க மாட்டாங்க." பிறகு கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த இந்தச் சொம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது நம்ம வீட்ல கெடந்தது. விக்க மனசு வரல. நீ வெச்சிக்க. யார்னா கேட்டா நீயும் செம்புனே சொல்லு. நீ சொன்னா ஊரு நம்பும்."

அன்றிலிருந்து நானும் அப்படியே சொன்னேன். கல்யாண வீடுகளில், காதுகுத்துகளில், அம்மாவை வைத்துக்கொண்டே யாராவது, "ஏம்மா, நீ இதையே படிச்சவளாச்சே, செம்பாலயா வந்துச்சு?" என்று கேட்பார்கள். "ஆமாங்க" என்பேன். திருவண்ணாமலைக்கே கல்லூரி வேலையோடு திரும்பி வந்த பிறகு காலையில் வகுப்பில் ஈனிகளைப் பற்றி நடத்துவேன், சாயங்காலம் தெருவில் நின்று பொய் சொல்வேன். எத்தனை பேர் என் பேச்சை நம்பி வீட்டுச் சொம்பைப் பரணில் போட்டார்களோ! அதைவிடப் பெரிய அவமானம், நான் "ஆமாங்க" என்னும்போதெல்லாம் மாமாவின் மேல் இன்னொரு கூடை மண்ணைக் கொட்டினேன். அவர் எதிரே நின்று புன்னகைப்பார்.

அக்கா மகள் தேறிவிட்டாள். வெறும் வயிற்றில் தவறாமல் மாத்திரை, மாதாமாதம் வேலூர். பேச்சில் லேசான இழுப்பு மட்டும் மிச்சம். மாமாவுக்குப் பிறகு கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கடையில் இன்றும் செம்பு கிடையாது.

அம்மா இப்போது என்னோடு, செங்கம் ரோட்டு வீட்டில் இருக்கிறாள். இன்று காலை சொம்பைத் தேடிச் சமையலறைக்குப் போனேன். புளி போட்டுத் தேய்த்ததில் அது பளபளவென்று இருந்தது. அம்மா அதில் தண்ணீரை ஊற்றி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதுல எதுக்குக் குடிக்கிற?" என்று பதறினேன்.

"குடிச்சா என்ன? செம்பு ஒண்ணும் பண்ணலைனு எனக்குத் தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா அன்னிக்கே கேட்டுச்சு, சொந்தத்துல கட்டிக் குடுத்தீங்களானு. எனக்கு அப்பவே வெளங்கிடுச்சு."

"அப்ப ஏன்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"என் தம்பி எனக்காக ஊரு வாயில விழுந்து கெடந்தான். எனக்குத் தெரியும்னு சொல்லி அவன் பட்டதையெல்லாம் வீணாக்கச் சொல்றியா? அவன் போன பிறகு நீயாவது சொல்லுவேனு பாத்தேன். படிச்சவளாச்சே. நீயும் செம்பு செம்புனே சொல்லிட்டு இருந்த." குரலில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "யார்கிட்ட சொல்லி அழறது நான்? இப்பவாவது சொல்லு. நான் கட்டி வெச்சதால தானே?"

அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து, அழக்கூட ஆளில்லாமல் அவளைத் தனியாக விட்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் நான் "ஆமாங்க" என்றபோதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போதும் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினேன்.

"அதனாலயும் தாம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொம்பைத் திரும்ப நிரப்பி என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்க என்னால் முடியவில்லை.