தண்ணி விழுதா என்று கேட்டவர்கள்

ஆனி பிறந்துவிட்டால் போதும், தென்காசிக்காரர்கள் மேல் வெளியூர்ச் சொந்தங்களுக்குத் திடீரென்று பாசம் பொங்கும். பத்து மாதமாக நாம் இருக்கிறோமா இல்லையா என்று கேட்காதவர்கள் போன் போடுவார்கள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் சுகமா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு விஷயத்துக்கு வருவார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா? எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். விழுகிறது, ஒரு குடம் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு போங்கள் என்று என் சின்ன மாமியாரிடம் ஒரு முறை சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

என் தோழி ஜெயபிரியா வேறு பிறவி. அவர்கள் வடகரையில் நெல் போட்ட குடும்பம். அண்ணன் பேச்சிராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சில வருடம் மூச்சுமுட்ட வேலை பார்த்துவிட்டு, போதுமடா சாமி என்று திரும்பிவந்து ஐந்தருவிக்குப் பக்கத்தில் பழக்கடை போட்டார். கடையில் பாதி நேரம் ஜெயபிரியாதான் இருப்பாள். போனில் யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் எழுந்து போய் அருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வாள். எத்தனை கிளையில் விழுகிறது, பெண்கள் பக்கம் வரிசை நீளமா, குரங்குத் தொல்லை எப்படி, எல்லாம் வரும். இவளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்த சீசனுக்குப் பேச்சிராஜ் அண்ணாச்சி துணிந்து ஒரு காரியம் செய்தார். மலையில் ஒரு தோட்டத்து மங்குஸ்தான் முழுவதையும் பேசி எடுத்துவிட்டார். பழம் சொன்ன நாளில் வந்தது. தண்ணீர் வரவில்லை. சாரல் இல்லை, கூட்டம் இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. மங்குஸ்தானோ காத்திருக்காது, நாலு நாள் போனால் ஓடு கல்லாகிவிடும். பழம் போனால் கடை போகும். கடை போனால் அண்ணாச்சி மறுபடி திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

வராத ஆட்களுக்கு விற்க வேண்டும் என்றாள் ஜெயபிரியா. ஈமெயிலில் விற்கப் போகிறாளாம். இந்தக் காலத்தில் ஈமெயிலை யார் படிக்கிறார்கள் என்று கேட்டேன். வாட்ஸப்பில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் என் பழத்தை யார் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேட்டாள். பெங்களூரில் ஜெபஸ்டின் என்று ஒரு நாகர்கோவில்காரர் இருக்கிறார். வாராவாரம் சாப்பாட்டைப் பற்றி ஈமெயிலில் கடிதம் எழுதுவார். ஊரை விட்டுப் போன தெற்கத்திக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அதைப் படிக்கிறார்கள். கடிதத்தின் நடுவில் ஒரே ஒரு விளம்பரத்துக்கு இடம் விற்பார். அந்த இடத்தைத் தன் சீட்டுப் பணத்தில் வாங்கிவிட்டாள். அவருடைய வாசகர்களின் முகவரி நமக்குக் கிடைக்காது. விளம்பரத்தை அழுத்தி, தானாக முகவரி கொடுப்பவர்கள்தான் நம் ஆட்கள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், டிசைன் வேலையும் செய்வேன். மஞ்சள் நட்சத்திரமெல்லாம் போட்டு, 'தோட்டத்திலிருந்து நேரடியாக! முந்துங்கள்!' என்று பிரமாதமாக ஒரு விளம்பரம் செய்து கொடுத்தேன். கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல் எல்லாவற்றையும் அழித்தாள். இரண்டே சொல் மிஞ்சியது. 'தண்ணி விழுதா?' அதன் கீழே ஒரு பொத்தான். 'பார்த்துச் சொல்கிறேன்.'

அழுத்தியவர்களுக்கு உறுதி கேட்டு இன்னொரு மடல் போகும், அதிலும் அழுத்தினால்தான் சேர்த்தி. அங்கேதான் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள் என்று ஜெபஸ்டின் எச்சரித்திருந்தார். ஜெயபிரியா அசரவில்லை.

"ஒரு தடவ கூப்பிட்டா நம்ம ஊர்ல யாருட்டி வருதா? கல்யாணத்துக்கே ரெண்டாந்தடவ கூப்பிட்டாத்தான வருதாவ."

அந்த மடலில் இப்படி எழுதினாள்: 'நிஜமாகத்தான் கேட்டீர்களா? ஆமாம் என்றால் ஒரு அழுத்து அழுத்துங்கள். தினமும் காலையில் அருவியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். சும்மா கேட்டிருந்தால் கோபமில்லை.'

சனிக்கிழமை காலை ஜெபஸ்டினின் கடிதம் வெளியானது. ஜெயபிரியா விடியும்போதே அருவியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள், என் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒரு பெயர். பிறகு நாலு. பிறகு எங்களால் படித்து முடிக்க முடியவில்லை. துபாய், மும்பை, கோயம்புத்தூர், ஏதோ ஒரு பனி பெய்கிற ஊர். எல்லோரும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயபிரியா என் தோளைக் கிள்ளினாள், நான் அவளைக் கிள்ளினேன். ஆதார் கார்டுக்கு இரண்டு நகல் கேட்டவருக்கு இருபது எடுத்துக் கொடுத்தேன். அவர் எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு, பரீட்சை முடிவு வந்துவிட்டதா, பிள்ளை எத்தனை மார்க் என்று விசாரித்தார். நல்ல மார்க் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்போதுதான் அண்ணாச்சி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"ஏட்டி ஜெயா, விழுதுன்னு போடு. வாரவன் வெறுங்கையோடயா போவான்?"

நானும் அவர் பக்கம்தான் சாய்ந்தேன். நாளைக்கே மழை வந்தாலும் வரலாமே, அது பொய்யாகாது என்று வக்கீல் மாதிரி பேசினேன்.

"பிள்ளைகுட்டியோட பஸ் ஏறி வந்து பாறையப் பாத்துட்டுப் போவாவளாண்ணே? பாத்துச் சொல்லுதேன்னுதான நான் எழுதிருக்கேன்," என்றாள் ஜெயபிரியா.

சொல்லிக்கொண்டே எழுதினாள். 'இல்லை. ஐந்து கிளையும் காய்ந்துவிட்டன, பாறையில் குரங்குகள் வெயில் காய்கின்றன. பஸ் ஏறாதீர்கள். தண்ணீர் வரவில்லையே தவிர மங்குஸ்தான் வந்துவிட்டது. வேண்டுமென்றால் வீட்டுக்கு அனுப்புகிறேன். ஓடு கல்லாக இருந்தால் எழுதுங்கள், வேறு பழம் வரும்.' அனுப்பிவிட்டாள்.

அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது. முதல் பதில் மும்பையிலிருந்து ஒரு அம்மா எழுதியது. 'என் தம்பி வருஷா வருஷம் கொட்டுகிறது என்று சொல்லி எங்களை ஏமாற்றுகிறான். இல்லை என்று சொன்ன முதல் ஆள் நீதான். இரண்டு பெட்டி அனுப்பு, ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.' அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. அண்ணாச்சி அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் சத்தமாக அழுதேன், வெட்கமே இல்லாமல்.

வடகரையிலிருந்து வைக்கோல் வந்தது. பெட்டிகளுக்குள் வைக்கோல் பரப்பி அண்ணாச்சியே பழம் அடுக்கினார். பார்சல் ஆபீஸ்காரர் எங்களைப் பார்த்தாலே கும்பிட ஆரம்பித்தார். பழம் தீர்ந்த பிறகும் ஜெயபிரியா தினமும் காலையில் அருவியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். இல்லை, இல்லை, நூலாக விழுகிறது. பிறகு ஒரு நாள், விழுகிறது, வாருங்கள் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஐந்தருவியில் ஐந்து கிளையும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரைச்சலில் காது அடைத்தது. கடையில் அண்ணாச்சி சாரலில் தொப்பலாக நனைந்து ரம்புட்டான் நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. திருப்பூரில் இருக்கும் மச்சான். கேட்பது என்ன என்று எனக்கே தெரியும். அண்ணாச்சி அருவி இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"இருங்க மச்சான். தங்கச்சி என்ன எழுதிருக்கான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

பிறகு ஈரப் போனைச் சட்டையில் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி மெயிலைத் திறந்தார்.